ஐந்தாவது தடவை குடித்த பால்

அந்தத் திங்கட்கிழமைக் காலையில் குழந்தை தானாகவே மார்பை விட்டானா, அல்லது வான் வந்துவிட்ட அவசரத்தில் நான் அவனை விலக்கினேனா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. இரண்டு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. சோறு வடிக்கும்போதும், வயல் வரம்பில் நின்று விவசாயிகளுக்கு விளக்கம் சொல்லும்போதும், மகளுக்குத் தலை வாரும்போதும் அந்தக் காலை திரும்பத் திரும்ப வருகிறது. இதெல்லாம் ஒரு பெரிய விசயமா என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு ஏன் அது பெரிய விசயம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் கல்முனையைச் சேர்ந்தவள். விவசாயப் போதனாசிரியராக வேலை செய்கிறேன். பெரும்பாலும் சம்மாந்துறை, மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களில்தான் என் பகல் போகும். அந்த வருடம் சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, நெல்லைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சியைப் பற்றிப் பாங்கொக் நகரில் பத்து நாள் பயிற்சி என்று ஒரு கடிதம் வந்தது. எங்கள் பிரிவிலிருந்து ஒருவர்தான் போகலாம். ஆங்கிலத்தில் எழுதக்கூடியவர் என்று என் பெயரைப் போட்டுவிட்டார்கள். அப்போது மகளுக்குப் பதினான்கு மாதம். இரண்டு வருடம் நிறையும்வரை பால் கொடுப்பது என்று நான் மனதில் நிய்யத்து வைத்திருந்தேன்.

போவதா, விடுவதா என்று மூன்று வாரம் தூங்கவில்லை. ஒரு நாள் போவதாகச் சொல்வேன், மறுநாள் மறுத்துக் கடிதம் எழுதி மடித்து வைப்பேன். துணைக்கு மஹ்ரமான ஆண் உறவினர் இல்லாமல் ஒரு பெண் இவ்வளவு தூரம் தனியாகப் போகலாமா என்பது ஒரு கவலை. பால் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய கவலை. உம்மாவின் தங்கை, என் சாச்சி, வீட்டுக்கு வந்து வெற்றிலையை மென்றபடி ஒரே கேள்விதான் கேட்டார்.

“இஞ்ச நம்மட வயல்ல இல்லாத அறக்கொட்டியா மகள் அங்க இரிக்கி?”

கணவர்தான் சிரித்துக்கொண்டு, அங்கே உள்ளது கொஞ்சம் படித்த அறக்கொட்டி என்றார். அவர் சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்கிறார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அதனால் நான் போனால் வீட்டில் மிஞ்சுவது அவரும் என் உம்மாவும் மகளும்தான். உம்மா மருமகனுக்கு முன்னால் வந்து கதைத்ததே இல்லை. தேத்தண்ணீரைக்கூட என் கையில்தான் கொடுத்தனுப்புவார். நான் இல்லாத நாட்களில் இருவரும் யார் மூலம் பேசிக்கொள்வார்கள் என்பதும் என் கவலைப் பட்டியலில் இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பயிற்சி திங்கட்கிழமைதான் தொடங்கியது. கிடைத்த விமானச்சீட்டு வெள்ளிக்கிழமைக்கானது. நடுவில் உள்ள நாட்களுக்கு, கால்வாய் ஓரமாக உள்ள ஒரு முஸ்லிம் குடியிருப்பில் சின்னத் தங்குமிடம் ஒன்றைக் கணவர் போனில் தேடிப் பிடித்தார். ஹலால் சாப்பாடு, பக்கத்திலேயே பள்ளிவாசல் என்று போட்டிருந்தது. அதில் வேறு என்ன எழுதியிருந்தாலும் நாங்கள் கவனித்திருக்க மாட்டோம்.

விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சி சந்தின் வாயிலில் என்னை இறக்கிவிட்டது. அதற்கு மேல் வாகனம் போகாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் உடம்பைத் திருப்பி வழிவிட வேண்டிய அளவு சந்து அது. பெட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தேன். இரண்டு பக்கமும் கதவுகள் திறந்திருந்தன. உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கால்கள் ஏறக்குறைய என் பெட்டியில் பட்டன. சந்து முடிகிற இடத்தில் கால்வாய். அதில் நீண்ட படகுகள் இரைந்துகொண்டு போயின. தண்ணீர் தெறிக்காமலிருக்க, படகின் ஓரத்தில் இருந்தவர்கள் ஒரு கயிற்றைப் பிடித்திழுத்துப் பிளாஸ்டிக் சீலையை உயர்த்தினார்கள். அலுவலக உடுப்போடு இருந்த ஒரு பெண் போனைப் பார்த்தபடியே அதைச் செய்தாள். இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் பழகியிருக்கிறது, எனக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது என்று அப்போது தோன்றியது.

தங்குமிடத்தை நடத்தியவருக்கு நாற்பது வயதிருக்கும். முகத்தைச் சுற்றி இறுக்கமான வெள்ளை முந்தானை. நான் சலாம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. பதில் சலாம் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவான பாஷை ஒன்றும் இல்லை. அவர் போனில் தன் பாஷையில் பேசி, அது தமிழாக்கித் தந்ததை என்னிடம் நீட்டுவார். நான் தமிழில் எழுதி அவரிடம் நீட்டுவேன். மூன்றாம் மாடியில் ஒரு அறையும், அதற்கு முன்னால் பூந்தொட்டிகள் வைத்த சிறு மாடமும் எனக்குக் கிடைத்தன.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் செய்த முதல் வேலை, பால் எடுக்கும் பம்பை எடுத்துப் பொருத்தியது. கடைசியாக மகளுக்குக் கொடுத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகியிருந்தது. உடுப்பு நனைந்து, நெஞ்சு கல்லாக இறுகியிருந்தது. பம்ப் இழுக்கவே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதன் வாயில் பொருத்தும் விரல் நுனியளவு வெள்ளை ரப்பரைக் காணவில்லை. பெட்டி முழுவதையும் கட்டிலில் கொட்டித் தேடிய பிறகுதான் நினைவு வந்தது. கிளம்புமுன் கழுவி, கவனமாக, கல்முனை வீட்டுக் குசினி ஜன்னல் ஓரத்தில் காயவைத்திருந்தேன்.

கையால் பீச்சினேன். அரை மணித்தியாலத்தில் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை அளவுதான் வந்தது. வலி குறையவில்லை. வீடியோ கோலில் மகளைக் காட்டினார்கள். அவள் என் குரல் கேட்டதும் போனை நக்கினாள். சிரித்துவிட்டு, கோலை வைத்த பின் அழுதேன்.

மறுநாள் சனிக்கிழமை, பம்ப் வாங்கலாமென்று வெளியே போனேன். சந்தைத் தாண்டினால் பெரிய சாலை. எட்டு வரிசையில் வாகனங்கள். மேம்பாலம் இருந்தது என்று இப்போது தெரியும். அன்று என் கண்ணில் படவில்லை. எதிர்ப்பக்கம் உயரமான அங்காடி ஒன்று தெரிந்தது. கல்முனைப் பஸ் நிலையத்துக்கு முன்னால் எத்தனையோ தடவை ஓடிக் கடந்திருக்கிறேன். இங்கே பாதையோரத்தில் இருபது நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன். இந்தப் பக்கம் இருந்த மருந்துக்கடையில் ஒரு இளைஞன்தான் நின்றான். அவனிடம் போனில் எழுதிக் காட்ட வெட்கம். குழந்தை, பால் என்று கையால் காட்டினேன். அவன் மிகுந்த மரியாதையோடு இரண்டு கைகளாலும் ஒரு பால்மா டின்னை எடுத்து நீட்டினான். நான் அதை வாங்கிக்கொண்டு வந்தேன்! வேண்டாமென்று சொல்லத் தெரியவில்லை. பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு வந்து, பிறர் குழந்தைக்கான பால்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்நிய ஊரில் நடந்து போகும் பெண் என்று என்னை நானே மனதுக்குள் ஏசிக்கொண்டு நடந்தேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். தாய்ப்பாலைக் கால் படும் இடத்தில் ஊற்றக்கூடாது, எறும்பு மொய்த்தால் பால் வற்றிவிடும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். மீதிப்பாலை மரத்தடியில்தான் ஊற்றுவோம். நான் விவசாயம் படித்தவள். இதில் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை என்று யாருக்கும் வகுப்பெடுப்பேன். ஆனால் மகளுக்காகப் பால் நிற்காமலிருக்க வேண்டும் என்ற பயத்தில் இருந்தவளுக்கு, அதைக் கழுவும் தொட்டியில் ஊற்றக் கை வரவில்லை. மாடத்தில் ஒரு பெரிய தொட்டியில் தேசிக்காய்ச் செடி இருந்தது. ஒவ்வொரு தடவையும் கோப்பையைக் கொண்டுபோய் அதன் அடியில் ஊற்றினேன்.

ஞாயிறு காலை அப்படி ஊற்றிக்கொண்டிருந்தபோது, உடுப்புக் காயப்போட வந்த வீட்டுக்காரப் பெண் பார்த்துவிட்டார். குனிந்து தொட்டியைப் பார்த்தார். என் கோப்பையைப் பார்த்தார். பிறகு போனில் பேசி என்னிடம் நீட்டினார்.

“இது எந்த விலங்கின் பால்?” என்று எழுதியிருந்தது.

நான் என்ன செய்வேன்? என் நெஞ்சில் கை வைத்தேன். அவர் ஒரு கணம் விளங்காமல் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார், அந்த ஈரத் தரையிலேயே. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

என் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போனார். முதலாம் மாடியில், நான் இரண்டு நாளாகக் கடந்துபோன ஒரு கதவு. உள்ளே தொட்டிலில் ஒரு ஆண்குழந்தை, இரண்டு மாதம் இருக்கும். அழுது ஓய்ந்துபோன குழந்தை. உதடு காய்ந்திருந்தது. அவருடைய தங்கையின் பிள்ளை. தங்கை டெங்குக் காய்ச்சலில் வெள்ளிக்கிழமை அதிகாலை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தார். கணவர் அவரோடு அங்கே நின்றார். குழந்தை போத்தலை வாயில் வாங்கவே மாட்டேனென்கிறான், கரண்டியால் ஊட்டினால் பாதி வெளியே வருகிறது என்று போனில் காட்டினார். வந்த நாளிலிருந்து நான் ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் மகளின் நினைவால் காதுக்குள் கேட்கிறது என்று எண்ணியிருந்தேன். யாரிடமாவது விசாரித்திருந்தால் வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கும். நான் விசாரிக்கவில்லை.

அவர் குழந்தையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். சரி என்று உடனே சொல்ல எனக்கு வரவில்லை.

என் பயங்கள் வரிசையாக வந்தன. எனக்குத் தெரியாத நோய் ஏதும் என்னிடம் இருந்தால்? கர்ப்பகாலக் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியென்றுதான் இருந்தன. ஆனாலும் பிறர் பிள்ளை. பெற்றவளின் சம்மதம் வேண்டும். வைத்தியரிடம் கேட்கவேண்டும். அதையெல்லாம் எழுதிக் காட்டினேன். அவர் வைத்தியசாலைக்குக் கோல் எடுத்தார். நீண்ட நேரம் பேசினார். தங்கையின் முகம் போனில் தெரிந்தது, கையில் ஊசி ஏற்றியபடி. என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்புவதுபோல் உயர்த்த முயன்று, ஒரு கையைத்தான் உயர்த்த முடிந்தது. பக்கத்தில் நின்ற தாதி ஆங்கிலத்தில் என்னிடம் நான்கைந்து கேள்விகள் கேட்டார். ஏதாவது மருந்து குடிக்கிறேனா, காய்ச்சல் இருந்ததா, அந்தப் பரிசோதனைகளில் என்னென்ன பார்த்தார்கள் என்றெல்லாம். வைத்தியரிடம் கேட்டுவிட்டு வந்து, தாய் சம்மதித்தால் கொடுக்கலாம் என்றார்.

இன்னும் ஒருவரிடம் கேட்கவேண்டியிருந்தது. எங்கள் மார்க்கத்தில், நாங்கள் பின்பற்றும் மத்ஹபின் சட்டப்படி, இரண்டு வயது நிறையாத பிள்ளைக்கு ஒரு பெண் ஐந்து தடவை வயிறாரப் பால் கொடுத்தால் அவள் அவனுக்குத் தாயாகிவிடுகிறாள். அவளுடைய கணவர் அவனுக்குத் தகப்பன். அவள் பெற்ற பிள்ளைகள் அவனுக்கு உடன்பிறப்புகள். அவர்களுக்குள் திருமணம் செய்ய முடியாது. அவன் வளர்ந்து ஆளான பிறகும் அவள் அவனுக்கு முன்னால் தலையை மறைக்கவேண்டியதில்லை. பெற்ற மகனைப் போலத்தான். கணவரைக் கேட்காமல் அவருக்கு ஒரு மகனைக் கொண்டுவரலாமா?

கோல் எடுத்தேன். அங்கே அவர் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“பசிச்ச புள்ளைக்குப் பால் குடுக்கிறத்துக்கு என்னட்டயா கேக்கிற? குடு புள்ள.”

“நம்மட மகளுக்கு அவன் பால்குடி உறவாகிடுவான். அதையும் யோசிச்சிப் பாருங்க.”

“ஏன், நீ பாங்கொக்குல மாப்பிள்ள பாக்கத்தான் போனயா?”

அப்போது பின்னால் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உம்மாவின் குரல் கேட்டது. “எத்தின தரம் குடுக்கிறாவெண்டு எண்ணி வெக்கச் சொல்லுங்க மகன்.”

கணவர் திகைத்துப் போய்விட்டார். மூன்று வருடத்தில் மாமி அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. “எண்ணி வெக்கட்டாம்,” என்று எனக்குச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “உம்மா என்னோட கதைச்சிட்டா,” என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டுக் குழந்தையை மடியில் வாங்கினேன். அவன் முதலில் தலையைத் திருப்பிக்கொண்டான். என் வாசனை வேறு. பிறகு கன்னம் பட்டதும் வாயைத் திறந்தான். அதன் பிறகு அந்த அறையில் அவன் விழுங்குகிற சத்தம் மட்டும்தான். வீட்டுக்காரப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. மூன்று நாளாக இறுகியிருந்த என் நெஞ்சு இளகியது. நன்றி சொல்லவேண்டியவள் நான் என்பதை அவரிடம் எழுதிக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டி மறுத்தார். அந்தத் தர்க்கம் இன்றுவரை எங்களுக்குள் முடியவில்லை.

அன்றைக்கு பின்னேர அஸருக்குப் பிறகு ஒரு தடவை, பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை. ஒவ்வொன்றுக்கும் அவன் தானாகவே மார்பை விட்டு, வாய் திறந்தபடி தூங்கிப்போனான். அந்த நான்கிலும் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் குழந்தைக்குக் காவல் வைத்துவிட்டு, வீட்டுக்காரப் பெண் என்னை அழைத்துக்கொண்டு அந்தப் பெரிய சாலைக்குப் போனார். என் மணிக்கட்டை, சின்னப்பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். மேம்பாலத்தில் ஏறி மறுபக்கம் இறங்கும்வரை விடவில்லை. அங்காடியில் என்னுடைய பம்புக்குப் பொருந்துகிற ரப்பரை, நான்கு கடை ஏறி இறங்கி, ஒவ்வொரு கடைக்காரரிடமும் கூச்சமில்லாமல் விளக்கி, கண்டுபிடித்துக் கொடுத்தார். திரும்பி வந்ததும் மஞ்சள் சோறும் கோழியும் வைத்தார். புரியாணி போல இருந்தது, புரியாணி இல்லை. இனிப்பும் உறைப்புமான ஒரு சாறு ஊற்றிச் சாப்பிடவேண்டும். பால் கொடுக்கிறவள் என்று இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போட்டார். எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளை எப்படி அதட்டிச் சாப்பிட வைப்பார்களோ அப்படி. பாஷை தெரியாமலே அதட்டினார்.

அன்றிரவு குழந்தை நீண்ட நேரம் தூங்கியிருக்கிறான். இடையில் அவன் எழுந்தபோது வீட்டுக்காரப் பெண் என்னை எழுப்ப வெட்கப்பட்டு, பால்மாவைக் கரண்டியால் கொடுத்திருக்கிறார். அது நான் சனிக்கிழமை வாங்கி வந்து, பிறகு அவரிடம் கொடுத்த டின்தான். வயிறு கொஞ்சம் நிறைந்திருந்த தைரியத்தில் இந்தத் தடவை துப்பாமல் விழுங்கினானாம்.

திங்கட்கிழமை. பயிற்சி நிலையம் நகருக்கு வெளியே. வான் ஏழு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஆறரைக்குப் பெட்டியைக் கட்டிவிட்டு, கடைசியாகக் கொடுக்க உட்கார்ந்தேன். வான் ஆறே முக்காலுக்கே வந்துவிட்டது. சந்து வாயிலில் நின்று சாரதி ஹோன் அடித்தார். போனும் அடித்தது. வீட்டுக்காரப் பெண் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிவாசலில் நின்றார். குழந்தையின் கண்கள் பாதி மூடியிருந்தன. உறிஞ்சுவது குறைந்து, இடையிடையே நின்று, மறுபடி இரண்டு இழுப்பு.

பால் குடிக்கும் பிள்ளையை விலக்குவதற்கு நான் சுண்டு விரலை அதன் வாயோரத்தில் வைப்பேன். மகளுக்கும் அப்படித்தான். அன்று வான் ஏறிய பிறகு என் சுண்டு விரல் ஈரமாக இருந்தது நினைவிருக்கிறது. அவன் தாடையில் வழிந்த பாலை அதே விரலால் துடைத்ததும் நினைவிருக்கிறது. எது முதலில், எது பிறகு? அவன் விட்டபின் துடைத்தேனா? துடைக்குமுன் விலக்கினேனா? அந்த ஒரு நிமிடம் மட்டும் நினைவில் இல்லை.

சந்து முனைவரை வந்த அவர், வான் கதவை மூடுமுன் ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து. அவரும் எண்ணியிருக்கிறார். நான் தலையாட்டினேன். யோசிக்காமல் ஆட்டிய தலை அது.

பயிற்சி நல்லபடியாக முடிந்தது. எடுத்த பாலைப் பயிற்சி நிலையத்துப் புல்வெளியில் ஒரு மரத்தடியில் ஊற்றினேன். கூடப் பயின்ற யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். தங்கை குணமாகி வந்திருந்தார். மெலிந்து, மஞ்சளாக, ஆனால் எழுந்து வாசலுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவருக்குப் பால் மறுபடி ஊறத் தொடங்கியிருந்தது. ஒரு தாளைக் காட்டினார்கள். அதில் என் பெயர், என் கணவர் பெயர், மகள் பெயர், ஊர்ப் பெயர், ஐந்து தடவை கொடுத்த நேரங்கள் எல்லாம் அவர்கள் பாஷையில் எழுதியிருந்தது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழோடு அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவனை என் மடியில் வைத்தார்கள். அவன் முகத்தை என் நெஞ்சில் தேய்த்தான். பெற்றவள் பக்கத்தில் இருக்கும்போது நான் கொடுப்பது சரியில்லை என்று தூக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்போது எனக்குச் சந்தேகமே வந்திருக்கவில்லை. வந்திருந்தால் ஒரே ஒரு தடவை கேட்டிருப்பேன். அவர்கள் மறுத்திருக்க மாட்டார்கள்.

ஊருக்கு வந்தபோது மகள் முதல் நாள் என்னை யாரோ போலப் பார்த்து, வாப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறுநாள் விடியற்காலை சுபஹு நேரம், அரைத்தூக்கத்தில் உருண்டு வந்து பால் குடித்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. அந்தப் பிள்ளை உறிஞ்சிக் குடித்த பால்தான் என் மகளுக்காக வற்றாமல் நின்ற பால். இதையும் நான் அவர்களுக்கு எழுதினேன்.

ஒரு மாதம் கழிந்து, கணவர் எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் இதைச் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். கேட்பதற்கு அல்ல, சந்தோசத்தில். மௌலவி பாராட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டாராம். கணவர் பள்ளி வாசலில் நின்றபடியே எனக்குக் கோல் எடுத்தார்.

“மௌலவி கேக்கிறாரு, அஞ்சு தரமும் புள்ள தானா விட்டிச்சா? இல்லாட்டி நீ எடுத்தயா?”

நான் என் சுண்டு விரலைப் பார்த்தேன். அந்த நிமிடத்திலிருந்துதான் எல்லாம்.

இதில் அறிஞர்களுக்கு இடையில் கருத்து வேறுபாடு இருக்கிறது என்றார் மௌலவி. தாய் விலக்கினாலும் அது ஒரு தடவைதான் என்பவர்களும் உண்டு, அது கணக்கில் சேராது என்பவர்களும் உண்டு. நினைவே இல்லை, சந்தேகம்தான் என்றால் உறவு உறுதியாகாது. ஆனாலும் பேணுதலாக, பிள்ளைகளுக்குள் திருமணம் செய்யாமலிருப்பது நல்லது. அதேபோல் பேணுதலாக, அவன் பெரியவனானதும் அவனுக்கு முன்னால் தலையை மறைத்துக்கொள்வதும் நல்லது. அவர் பொறுமையாக, இரண்டு தடவை விளக்கினார். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அவன் எனக்கு மகனும் இல்லை, அந்நியனும் இல்லை.

மகளுக்கு மாப்பிள்ளை என்ற பேச்சே இல்லை. கணவர் சொன்னதுபோல் நாங்கள் மாப்பிள்ளை பார்க்க அங்கே போகப்போவதில்லை. என் கவலை வேறு. அந்த வீட்டில் என்னை ‘மே நோம்’ என்கிறார்கள். பால் கொடுத்த தாய் என்று அர்த்தம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சின்ன வீடியோ வரும். முதல் பல், முதல் நடை, இப்போது கால்வாய்ப் படகுக்குக் கை காட்டுவது. போனைப் பார்த்து ‘மே’ என்கிறான். நானும் “என்ட மகன்” என்று பதில் சொல்கிறேன். சொல்லும் ஒவ்வொரு தடவையும், அந்தச் சொல் எனக்கு உரியதா என்று ஒரு முள் குத்துகிறது. பதினைந்து வருடம் கழித்து அவன் வளர்ந்து வந்து என் வாசலில் நின்றால், ஓடிப்போய் அவன் தலையைத் தடவுவேனா, முந்தானையை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பேனா?

அவனுக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டது. இனி நான் கொடுத்தாலும் அது உறவாகாது. திருத்திக்கொள்ள வழியில்லை.

போன வாரம் அவன் பெரியம்மா, அந்த வீட்டுக்காரப் பெண், எழுதியிருந்தார். வரும் பாடசாலை விடுமுறையில் தங்கையும் அவர் கணவரும் குழந்தையும் தானுமாக இலங்கைக்கு வருகிறார்களாம். கொழும்பில் ஒரு நாள், பிறகு நேராக எங்கள் ஊர். பிள்ளைக்கு அவனுடைய தாயையும் ராத்தாவான என் மகளையும் காட்டவேண்டுமாம். அந்தத் தாளின் பிரதி ஒன்றை எனக்கென்று கொண்டு வருகிறாராம். உம்மா அடுத்த வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார், எங்கள் பேரன் வருகிறான் என்று. அறைக்கு வெள்ளையடிப்பது பற்றி இப்போது மருமகனோடு நேராகவே கதைக்கிறார். கணவர் என்னிடம், அவர்கள் வந்து போகட்டும், இதைக் கிளறாதே என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளில் ஐந்து என்று எழுதியிருப்பது என் தலையாட்டலை நம்பி. அந்தப் பிள்ளை வளர்ந்து, அந்தத் தாளை நம்பித்தான் என் மகளுக்கு முன்னால் உடன்பிறந்த தம்பியைப் போல வந்து உட்காருவான்.

எழுதுவதற்காக மூன்று தடவை போனை எடுத்தேன். ‘ஐந்தாவது தடவை எனக்கு நிச்சயமில்லை’ என்று தமிழில் எழுதி, அது அவர்கள் பாஷையில் எப்படிப் போய்ச் சேருமோ என்று பயந்து அழித்துவிட்டேன். காய்ச்சலில் கிடந்தபடி ஒரு கையை மட்டும் உயர்த்திய அந்தத் தாய் இதை எப்படி எடுத்துக்கொள்வார்? நான் அவர்களை வேண்டாமென்று விலக்குவதாக நினைத்துவிட்டால்?

இதை வாசிக்கும் உங்களில் பால்குடி உறவுள்ள குடும்பங்கள் இருக்கும். பிறர் பிள்ளைக்குப் பால் கொடுத்த தாய்மாரும், பிறர் தாயிடம் குடித்து வளர்ந்தவர்களும் இருப்பீர்கள். மார்க்கத்தின் சட்டத்தை நான் கேட்டுவிட்டேன். அதை உங்களிடம் கேட்கவில்லை. நான் கேட்பது, நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதைத்தான். அவர்கள் புறப்படுமுன் எழுதிச் சொல்வதா, வந்தபிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதா, இல்லை, கணவர் சொல்வதுபோல் விட்டுவிடுவதா? சொல்வதென்றால், நன்றி குறையாமல், அவர்கள் மனம் நோகாமல் சொல்ல எந்த வார்த்தையில் தொடங்கவேண்டும்? உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். விடுமுறைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.